அயனித் திரவத்தில் திரவப் படிகம் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அயனியற்ற சர்ஃபாக்டன்ட்டை (எண்ணெய் போன்ற வாலும் கரைப்பானை விரும்பும் தலையும் கொண்ட, மின்சுமை இல்லாத பொருள்) அயனித் திரவத்தில் (அறை வெப்பநிலை அருகிலேயே உருகி நிற்கும் உப்பு) கலந்து திரவப் படிகம் (ஒழுங்காக அடுக்கி நின்றும் திரவம் போல நழுவும் நிலை) எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரில் பழகிய கையோடு வருகிறார்கள். தண்ணீரில் சி12இ6 என்ற சர்ஃபாக்டன்ட் எந்தச் செறிவில் அறுகோண நிலை (உருளைகள் அறுகோணமாக அடுக்கி நிற்பது) தரும், எங்கே அடுக்கு நிலைக்கு (தகடு தகடாக நிற்பது) மாறும் என்பதெல்லாம் 1983-இல் மிட்செல், டிடி குழுவினர் வெளியிட்ட நிலை வரைபடங்களிலிருந்து அவர்களுக்கு அத்துப்படி. அதே எடைக் கணக்கில் எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற அயனித் திரவத்தில் கலக்கினால் வயலில் (சிறு புட்டியில்) தெளிந்த திரவம்தான் நிற்கிறது. உடனே தலைப்பகுதியின் அளவு சரியில்லையோ என்று சந்தேகப்பட்டு, தலையின் நீளத்தைக் குறிக்கும் இ எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அங்கேதான் நேரமும் விலை உயர்ந்த பொருளும் வீணாகின்றன. இந்தத் திரவங்களில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம், அடுத்து வால் நீளம், அப்புறம் வெப்பநிலை. தலையும் வாலும் பொருந்தும் வடிவக் கணக்கு இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

குறியீடு தெரியாதவர்களுக்கு: சி16இ6 என்றால் வாலில் 16 கார்பன், தலையில் 6 எத்திலீன் ஆக்சைடு அலகு. எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டை இனி ஈஏஎன் என்றே எழுதுகிறேன். 1914-இல் பால் வால்டன் விவரித்த, சுமார் 12 டிகிரியிலேயே உருகும் அதே உப்புதான். அதில் மிசெல் (வால்கள் உள்ளே, தலைகள் வெளியே இருக்கும் சிறு திரள்) உருவாகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் எவான்ஸ் குழு காட்டியது. எத்திலீன் ஆக்சைடு சர்ஃபாக்டன்ட்டுகள் அதில் திரவப் படிகமும் தரும் என்று சிட்னி பல்கலைக்கழகத்தில் அராவோஸும் வாரும் 2005-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டதன் சாரம்: தண்ணீரில் வரும் நிலைகள் இங்கும் வரும், ஆனால் வால் நீளமாக இருக்க வேண்டும்.

ஏன் என்று ஒருமுறை எண்ணாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். கார்டன் அளவு என்பது பரப்பு இழுவிசையை மோலார் கனஅளவின் கனமூலத்தால் வகுத்தது. கரைப்பான் தன்னைத்தானே எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதாவது எண்ணெய் வாலை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளும் என்பதற்கு அது ஒரு கரடுமுரடான அளவுகோல். தண்ணீருக்கு எஸ்ஐ அலகுகளில் 0.072-ஐ 0.0262-ஆல் வகுத்தால் 2.75. ஈஏஎன்னுக்கு மோலார் நிறை 108, அடர்த்தி 1.21, ஆகவே மோலார் கனஅளவு சுமார் 89 கன சென்டிமீட்டர். பரப்பு இழுவிசை 0.047 என்று வைத்தால் விடை 1.05 வருகிறது. தள்ளும் விசை பாதிகூட இல்லை. மிசெல் உருவாகும் செறிவு தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏறுவதற்கும், குட்டை வால்கள் பேசாமல் கரைந்து கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

அறிகுறி: 50, 60 சதவீதம் போட்டும் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, போலரைசரில் முழு இருட்டு

குறுக்காக வைத்த போலரைசர்களுக்கு நடுவில் அறுகோணமும் அடுக்கும் வெளிச்சம் தரும், வெறும் திரவம் இருட்டாகவே நிற்கும். இருட்டு என்றால் வால் நீளத்தைப் பாருங்கள். சி12 குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு சி16-க்குப் போங்கள். சி14 நடுவில் நிற்கும், சில தலை அளவுகளுக்கு வேலை செய்யும். சி16, சி18 தான் நம்பி இறங்கக்கூடியவை.

இங்கே ஒரு கேள்வி வரும்: வாலை நீட்டினால் வடிவக் கணக்கே மாறிவிடாதா, அறுகோணம் வேண்டியவருக்கு அடுக்கு வந்துவிடாதா? டான்ஃபோர்ட் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். 12 கார்பன் வாலின் கனஅளவு 27.4 + 26.9 × 12 = 350 கன ஆங்ஸ்ட்ராம், நீளம் 1.5 + 1.265 × 12 = 16.7 ஆங்ஸ்ட்ராம். வகுத்தால் 21. பதினாறுக்கு 458-ஐ 21.7-ஆல் வகுத்தாலும் அதே 21. வடிவத்தைத் தீர்மானிப்பது இந்த 21-ஐத் தலை பிடிக்கும் பரப்பால் வகுத்து வரும் எண்தான், அது வால் நீளத்தைப் பொறுத்து அசைவதில்லை. ஆக, வாலை நீட்டும்போது கூடுவது தள்ளும் விசை மட்டும். வடிவம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஒரு தலை 63 சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் பிடித்தால் கோளம், 42-க்கும் 63-க்கும் இடையில் உருளை, 42-க்குக் கீழே போனால் அடுக்கு. இது இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் 1976-இல் கொடுத்த கணக்கு. முதலில் வாலை நீட்டி ஏதாவது ஒரு திரவப் படிகத்தை வரவழைத்துவிடுங்கள், அது எந்த வகை என்பதை அதன் பிறகு இ எண்ணால் திருத்திக்கொள்ளலாம். பொதுவான போக்கு: இ4 அடுக்கின் பக்கம் சாயும், இ6 முதல் இ8 வரை அறுகோணத்தின் பக்கம், அதற்கு மேலே போகப் போகக் கோள மிசெல்லும் அவை அடுக்கப்பட்ட கனசதுரமும்.

வால் சரியாக இருந்தும் இருட்டு என்றால் அடுத்தது வெப்பநிலை. இதே சர்ஃபாக்டன்ட் தண்ணீரில் தாங்கும் சூட்டை ஈஏஎன்னில் தாங்காது, திரவப் படிகம் முன்னதாகவே உருகிவிடும். கோடையில் ஏசி இல்லாத அறையில் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்கள் விளக்கு வெளிச்சத்தின் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மேடையை 15 டிகிரி வரை இறக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே போனால் ஈஏஎன்னே உறையத் தொடங்கிக் குழப்பும்.

செறிவையும் கனஅளவில் எண்ணுங்கள். எடையில் பாதிக்குப் பாதி என்றால் தண்ணீரில் கனஅளவும் ஏறக்குறைய பாதிதான். ஈஏஎன் கனமானது என்பதால் சர்ஃபாக்டன்ட் 55 சதவீதம் இடம் பிடித்துவிடும். எடைக் கணக்கில் வரைந்த இரண்டு வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவது இதனால்தான் தப்பான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

வயல் வயலாகக் கலக்குவதற்கு முன் ஊடுருவல் சோதனை ஒன்று செய்துவிடுங்கள், ஒரு மதிய நேரத்தில் முழு வரிசையும் தெரிந்துவிடும். சர்ஃபாக்டன்ட்டை லேசாக உருக்கி ஸ்லைடுக்கும் கவர் கிளாஸுக்கும் நடுவில் பரப்பி, ஆறிய பின் ஓரத்தில் ஒரு சொட்டு ஈஏஎன் விடுங்கள், அதுவாகவே உள்ளே போகும். சர்ஃபாக்டன்ட் பக்கம் செறிவு அதிகம், ஈஏஎன் பக்கம் குறைவு, நடுவில் எல்லாச் செறிவும் வரிசையாக நிற்கும். விசிறி விசிறியாக வருவது அறுகோணம். எண்ணெய்க் கோடுகளும் சின்னச் சின்னச் சிலுவைகளும் அடுக்கு. இரண்டு வெளிச்சப் பட்டைக்கு நடுவில் ஓர் இருட்டுப் பட்டை கூர்மையான விளிம்போடு நின்றால் அது கனசதுரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈஏஎன் தண்ணீரைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பானது, அதனால் பட்டைகள் மெதுவாகத்தான் விரியும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்து போகாதீர்கள்.

அறிகுறி: போன வாரம் வந்தது இந்த வாரம் வரவில்லை, அல்லது வரக்கூடாதது வருகிறது

ஈரம். பத்தில் ஒன்பது தடவை ஈரம் என்றே நினைத்துத் தொடங்குங்கள்.

ஒரு சதவீதம் தண்ணீர் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு: 100 கிராமில் 1 கிராம் தண்ணீர் என்றால் 0.056 மோல். மீதி 99 கிராம் ஈஏஎன் 0.916 மோல். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு துகள் தண்ணீர். 5 சதவீதம் என்றால் நான்கில் ஒன்று தண்ணீராகிவிடுகிறது, அப்போது நீங்கள் படிப்பது ஈஏஎன்னையே அல்ல, அடர்ந்த உப்புக் கரைசலை. தண்ணீர் ஏற ஏறத் தள்ளும் விசையும் ஏறும், எத்திலீன் ஆக்சைடு தலையும் நீரேறி வீங்கும், அதனால் ஈரமான சாம்பிள் காய்ந்ததைவிட அழகான திரவப் படிகம் தரக்கூடும். ஈரத்தின் ஆபத்து இதில்தான் இருக்கிறது. சாம்பிள் கெட்டுப்போனதாகத் தெரியாது, முடிவு நன்றாக வந்ததாகத்தான் தெரியும். சி12 வாலில் பளிச்சென்று அறுகோணம் கிடைத்தால் கொண்டாடுவதற்கு முன் கார்ல் ஃபிஷர் (ஈர அளவைக் காணும் டைட்ரேஷன்) போட்டுப் பாருங்கள்.

கார்ல் ஃபிஷர் இல்லாத ஆய்வகத்தில் தராசே போதும், காற்று எவ்வளவு வேகமாக ஈரம் ஏற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். காய்ந்த ஈஏஎன் ஒரு கிராமைத் திறந்த வயலில் தராசில் வைத்துவிட்டு எண்ணைக் கவனியுங்கள். 10 மில்லிகிராம் கூடினால் அது ஒரு சதவீதம். கடலோர ஊரில் மழைக்காலத்தில் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்தவர் அதன்பிறகு பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் பேசப் போகமாட்டார்.

உலர்த்துவதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று பாதுகாப்பு: இது ஒரு நைட்ரேட், கூடவே எரியக்கூடிய கரிமப் பகுதியும் உள்ளது. சிறு அளவில், நல்ல கலக்கலோடு, மிதமான சூட்டில் வெற்றிடத்தில் நீண்ட நேரம் விடுங்கள். அவசரத்துக்குச் சூட்டை ஏற்றுவதும், மூடிய குழாயில் சர்ஃபாக்டன்ட்டோடு சேர்த்துக் கொதிக்க வைப்பதும் கூடவே கூடாது. இரண்டாவது வேதியியல்: எத்தில் அமீன் 17 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். புரோட்டான் கொடுத்து வாங்கும் சமநிலையில் துளித் துளியாக அமீன் உருவாகி வெற்றிடத்தில் பறந்துவிடும், மிச்சம் அமிலமாக நிற்கும். உலர்த்தி முடித்ததும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து பிஎச் பாருங்கள். 5, 6 அருகில் இருந்தால் சரி. 2, 3 என்று காட்டினால் நைட்ரிக் அமிலம் மிச்சம் இருக்கிறது, சில துளி அமீன் சேர்த்து மறுபடி உலர்த்த வேண்டும். தயாரிக்கும்போதே பனிக்கட்டித் தொட்டியில், அமீன் ஒரு மயிரிழை அதிகமாக இருக்கும்படி முடித்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

சர்ஃபாக்டன்ட்டையும் மறக்க வேண்டாம். எத்திலீன் ஆக்சைடு தலையே ஈரம் இழுக்கும் பொருள், கரைப்பானை மட்டும் உலர்த்தி இதை அப்படியே போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஸ்லைடின் ஓரத்தை மூட நெயில் பாலிஷ் வேண்டாம், அதன் கரைப்பான் உள்ளே புகுந்துவிடும். தட்டைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மூடுவது நல்லது.

அறிகுறி: கலங்கல், அப்புறம் இரண்டு அடுக்காகப் பிரிகிறது

தண்ணீரில் இந்தச் சர்ஃபாக்டன்ட்டுகள் சூடேறினால் கலங்கும். சி12இ6 சுமார் 50 டிகிரியில் கலங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் டெட்ராஃப்ளூரோபோரேட் என்ற இன்னொரு அயனித் திரவத்தில் திசை தலைகீழ், குளிரும்போது கலங்கும். ஆகவே கலங்கிய வயலைப் பார்த்ததும் பழக்கத்தில் குளிர்பெட்டியில் வைப்பது நிலைமையை மோசமாக்கலாம். ஐந்து டிகிரி ஏற்றிப் பாருங்கள், ஐந்து டிகிரி இறக்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் தெளிகிறது என்று குறித்துக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள்.

அடுக்குகள் பிரிந்து நின்றால் மேலே, கீழே இரண்டையும் தனித்தனியாக எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஒன்று திரவப் படிகம், மற்றது நீர்த்த கரைசல் என்றால் அது இரு நிலைகள் சேர்ந்திருக்கும் பகுதி, பிழை ஒன்றும் இல்லை, செறிவைக் கூட்டினால் ஒன்றாகிவிடும்.

அறிகுறி: இருட்டு, ஆனால் வயலைக் கவிழ்த்தாலும் விழவில்லை

பெரும்பாலும் கனசதுரம், நல்ல செய்தி. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாதாரணப் பிசுபிசுப்பான திரவத்தில் குமிழ் உருண்டையாக இருக்கும். கனசதுர நிலையில் குமிழின் விளிம்பு கோணலாக, முகம் முகமாக வெட்டினாற்போல நிற்கும், உருண்டையாகத் திரும்ப அந்தப் பொருள் இடம் தராது. எக்ஸ்ரே நேரம் கிடைப்பதற்கு முன் இது ஒரு நல்ல அடையாளம்.

இந்த இறுக்கத்தில் கலப்பதுதான் பாடு. கம்பியால் கிளறினால் குமிழ்தான் சேரும். சென்ட்ரிஃப்யூஜில் ஒருமுறை, வயலைத் தலைகீழாக வைத்து இன்னொருமுறை, நடுவில் மிதமாகச் சூடாக்கி ஓடவிடுவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அப்புறம் ஒரு நாளாவது அறை வெப்பநிலையில் சும்மா விடுங்கள்.

அறிகுறி: பளிச்சென்று வெளிச்சம், ஆனால் எந்த வடிவத்திலும் அடங்கவில்லை

வெளிச்சம் எல்லாம் திரவப் படிகம் கிடையாது. ஊசி ஊசியாக, விளிம்பு கூராக இருந்தால் சர்ஃபாக்டன்ட் உறைந்திருக்கிறது; சி18 வால் அறை வெப்பநிலையில் இப்படித்தான் செய்யும். அகலக்கோண எக்ஸ்ரேயில் 4.2 ஆங்ஸ்ட்ராம் அருகே கூரிய கோடு வந்தால் வால் உறைந்தது, 4.5 அருகே பரந்த மேடு வந்தால் உருகிய வால். மைக்ரோஸ்கோப் மட்டும் இருந்தால் கவர் கிளாஸை ஊசியால் லேசாக அழுத்துங்கள். திரவப் படிகம் நழுவி ஓடும், படிகம் நொறுங்கும்.

அழுத்தும்போது மட்டும் வெளிச்சம் வந்து, கையை எடுத்ததும் இருண்டால் அது வேறு கதை. நீண்ட புழு வடிவ மிசெல்லோ பஞ்சுபோல் துளைகளோடு பின்னிய பஞ்சு நிலையோ இருக்கலாம், உண்மையான திரவப் படிக எல்லை பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். செறிவைச் சிறு படிகளாக ஏற்றுங்கள்.

அறிகுறி: சிறுகோண எக்ஸ்ரேயில் உச்சிகள் கணக்கில் அடங்கவில்லை

உச்சிகள் நிற்கும் இடங்களின் விகிதம் அடுக்குக்கு 1 : 2 : 3. அறுகோணத்துக்கு 1 : 1.73 : 2 : 2.65. இரண்டு வலைகள் பின்னி நிற்கும் கைராய்டு கனசதுரத்துக்கு முதல் இரண்டும் 1 : 1.15 என்று நெருக்கமாக இருக்கும், அப்புறம் 1.53, 1.63. இவற்றில் எதிலும் சேராமல், சிதறல் அளவு q ஆங்ஸ்ட்ராமுக்கு 0.6 முதல் 0.7 வரை உள்ள இடத்தில் ஒரு பரந்த மேடு தனியாக நின்றால், அதாவது 10 ஆங்ஸ்ட்ராம் அருகே, அது உங்கள் திரவப் படிகத்தினுடையதே இல்லை. ஈஏஎன்னுக்குள்ளேயே அயனிப் பகுதியும் எத்தில் பகுதியும் தனித்தனியாகக் கூடி நிற்கும் நுண்ணமைப்பு உண்டு, அதன் கையெழுத்து அது. வெறும் ஈஏஎன்னை அதே குழாயில் அளந்து பக்கத்தில் வைத்தால் சந்தேகம் தீரும்.

உச்சிகளின் உயரத்தைத் தண்ணீர் முடிவுகளோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். எலெக்ட்ரான் அடர்த்தி கன ஆங்ஸ்ட்ராமுக்குத் தண்ணீரில் 0.33, ஈஏஎன்னில் 0.39, எத்திலீன் ஆக்சைடு 0.37 அருகே, வால் 0.27 அருகே. தண்ணீரில் தலை தனியாகத் தெரியும். ஈஏஎன்னிலோ தலை கரைப்பானோடு கலந்து மறைந்துவிடும், எக்ஸ்ரே பார்ப்பது பெரும்பாலும் வால்பகுதியை மட்டும்தான். அதனால் ஏதோ ஓர் உச்சி மங்கியோ காணாமலோ போவது இயல்பு. ஒற்றை உச்சியை வைத்து நிலையைப் பெயரிடாதீர்கள், மைக்ரோஸ்கோப் படத்தோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே கலவையில் எக்ஸ்ரே காட்டும் அடுக்கு இடைவெளி நாளுக்கு நாள் நகர்ந்தால்? அடுக்கு நிலையில் இடைவெளியைச் சர்ஃபாக்டன்ட்டின் கனஅளவுப் பங்கால் பெருக்கினால் வருவது இரட்டையடுக்கின் தடிமன், ஏறக்குறைய மாறாது. 35 ஆங்ஸ்ட்ராம் தடிமன் என்றால் 0.55 பங்கில் 64, 0.50 பங்கில் 70. 64 கிடைத்த இடத்தில் 70 வந்தால் கலவை நீர்த்துவிட்டது, குழாயின் மூடியைப் பாருங்கள்.

அறிகுறி: அறுகோணம் வர வேண்டிய இடத்தில் அடுக்கு வருகிறது

இப்போதுதான் வடிவக் கணக்குக்கு வேலை. வணிகத் தரத்தில் வரும் பிரிஜ் (Brij) போன்ற சர்ஃபாக்டன்ட்டுகளில் இ எண் ஒரு சராசரி மட்டுமே. அதில் தலையே இல்லாத வெறும் ஆல்கஹாலும் கலந்திருக்கும், அது இரண்டு தலைகளுக்கு நடுவில் போய் நின்று சராசரிப் பரப்பைக் குறைத்து அடுக்கின் பக்கம் இழுக்கும். புதிய தொகுதி வாங்கும்போதெல்லாம் பழையதோடு ஒரு ஊடுருவல் சோதனை ஒப்பிட்டுவிடுங்கள். எல்லை எங்கே என்று துல்லியமாக வரையப் போகிறீர்கள் என்றால் ஒரே நீளத் தலை கொண்ட தூய பொருளுக்குச் செலவு செய்யத்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்க முடியாது.

பழைய பாட்டிலில் இன்னொரு தொல்லை. எத்திலீன் ஆக்சைடு சங்கிலி காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடு உருவாகும், பிறகு ஆல்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் என்று உடையும். தலை குட்டையாகிக்கொண்டே போகும். பெராக்சைடு தாளால் சோதித்து, தேறாததை ஒதுக்குங்கள். நல்லதைச் சிறு சிறு வயல்களில் நைட்ரஜன் நிரப்பிக் குளிரில் வையுங்கள்.

அறிகுறி: திரவம் மஞ்சளாகிறது, அல்லது கண்ணாடி மங்குகிறது

ஈஏஎன் மஞ்சளானால் நைட்ரஜன் ஆக்சைடு அசுத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதிகச் சூட்டில் காற்றுப் படும்படி உலர்த்தியதன் விளைவு. உலர்த்தும்போதே நைட்ரஜனை ஓடவிட்டால் தவிர்க்கலாம். ஏற்கெனவே மஞ்சளானதை நிலை வரைபடத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கண்ணாடி மங்குவது அதைவிடக் கவலைக்குரியது. ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட், டெட்ராஃப்ளூரோபோரேட் அயனிகள் ஈரத்தோடும் சூட்டோடும் சேர்ந்தால் உடைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு தரும், அது கண்ணாடியை அரிக்கும், தோலில் பட்டால் ஆழமாகப் புண்ணாக்கும். மங்கிய வயலைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். கையுறையோடு ஃப்யூம் ஹுட்டுக்குள் கொண்டுபோய், ஹைட்ரஜன் ஃப்ளூரைடு கழிவுக்கு உங்கள் ஆய்வகத்தில் என்ன வழிமுறையோ அதன்படி அப்புறப்படுத்துங்கள். இனிமேல் இந்த இரண்டு அயனிகளோடும் நாள்கணக்கில் சூடாக வைக்கிற சாம்பிள்களைப் பிளாஸ்டிக் வயலில் எடுங்கள், ஸ்லைடும் கண்ணாடிக் குழாயும் குறுகிய நேர அளவீட்டுக்கு மட்டும்.